மலையேறும் க்ரூஸருக்கு எந்தக் கேம்?

"அண்ணே, கேம் மாத்தினா ஏத்தத்தில நல்லா இழுக்குமா?"

மாதத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு வந்து நிற்பார்கள். பகலில் நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டர். மாலையில் வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகையில் பைக் வேலை. கேம் என்பது என்ஜினின் வால்வுகளைத் திறந்து மூடும், மூக்கு வைத்த தண்டு. அந்தப் பேச்சை நான் உடனே எடுப்பதில்லை. "நீ தினம் போற ஏத்தத்தில எந்த கியரில போற? எத்தனை கிலோமீட்டர் வேகம்?" என்று திருப்பிக் கேட்பேன். முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது. ஒரு பிளேன்டீ கொடுத்து, ஒரு வாரம் கவனித்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவேன்.

விரட்டுவதற்காக அப்படிச் செய்வதில்லை. என்ஜின் எந்த ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில், நன்றாக மூச்சு வாங்க வேண்டும் என்பதைத்தான் கேம் தீர்மானிக்கிறது. நீங்கள் உண்மையில் எந்த ஆர்பிஎம்மில் ஓட்டுகிறீர்கள் என்று தெரியாமல் கேம் வாங்குவது, காலை அளக்காமல் சப்பாத்து வாங்குவது போல.

க்ரூஸர், அதாவது தாழ்ந்த இருக்கை வைத்து நிதானமாக ஓட்டும் பைக், பலவற்றில் ஆர்பிஎம் மீட்டர் இருக்காது. பரவாயில்லை, கணக்குப் போடலாம். பின் டயரில் சோக்கட்டியால் ஒரு கோடு போட்டு, பைக்கில் ஒருவரை உட்காரவைத்து ஒரு சுற்று உருட்டுங்கள். டயர் ஓடிய தூரம் தரையில் தெரியும். அது 2 மீட்டர் என்று வையுங்கள். மூன்றாம் கியரில் பிரைமரி, கியர், ஸ்ப்ராக்கெட் மூன்றின் விகிதங்களையும் பெருக்கினால் 12 வருகிறது என்று வையுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 500 மீட்டர். சக்கரம் 250 சுற்று. பன்னிரண்டால் பெருக்கினால் 3000 ஆர்பிஎம். தலவாக்கலையில் இருந்து நானுஓயாவுக்கு ஏறும்போது பஸ்ஸுக்குப் பின்னால் நீங்கள் எத்தனையில் போகிறீர்கள் என்று இப்படிப் பார்த்துவிடுங்கள். கிடைக்கும் எண்ணைக் கையில் எழுதிவைத்துக்கொண்டு கேம் தேடுங்கள்.

இதை நான் கற்றது சொந்தக் காசில். என்னிடம் இருப்பது ரீகண்டிஷனில் வந்த யமஹா விராகோ 250. காற்றில் குளிரும் வி-ட்வின், அதாவது வி வடிவில் இரண்டு சிலிண்டர். சிலிண்டர் விட்டம் (போர்) 49, பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 66 மில்லிமீட்டர். இரண்டு ஹெட்டுக்கும் தனித்தனிக் கேம். பட்டறை வைத்த புதிதில் "பெரிய கேம்" ஆசை பிடித்தது. இரண்டு கேமையும் வெளியே கொடுத்து அரைத்து வாங்கினேன். எங்கே என்பது இங்கே தேவையில்லை. மாட்டியதும் ஐட்லிங்கில் ஒரு தள்ளாட்டம், 'டுப் டுப்' என்று ஒரு சத்தம். ஊரே திரும்பிப் பார்த்தது. அவிசாவளைக்கு இறங்கிச் சமதளத்தில் முறுக்கினேன். பறந்தது. திரும்பி வரும்போது கினிகத்தேனையில் மனைவி ஏறினார், கூடவே அரை மூட்டை தேங்காய். வட்டவளை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் நின்றே விட்டது. இரண்டாவதில் அலறியது. பின்னால் வந்த தனியார் பஸ் ஹட்டன் வரை ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. அந்தக் கேம் 6000 ஆர்பிஎம்முக்கு மேல்தான் கண் விழிக்கும். என் ரோட்டில் 6000 வருவதே இல்லை.

பிறகு, பிஸ்டன் சுற்றும் கிராங்க் தண்டு எத்தனை பாகை திரும்பியது என்று காட்டும் டிகிரி வீல் போட்டு அளந்தேன். அரைத்த கேமில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு பழையதைவிட 18 பாகை தாமதமாக மூடியது. ஏற்றத்தில் என்னை இறக்கிவிட்டது அந்த 18 பாகைதான்.

கேம் விற்பவர்கள் லிஃப்ட்டையும் (வால்வு தூக்கும் உயரம்) டியூரேஷனையும் (வால்வு திறந்திருக்கும் பாகை) பெரிய எழுத்தில் போடுவார்கள். நீங்கள் முதலில் தேட வேண்டியது இன்டேக் வால்வு மூடும் பாகை. பிஸ்டன் அடிமுனைக்கு வந்து மேலே திரும்பிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். என்ஜின் வேகமாகச் சுற்றும்போது உள்ளே பாயும் காற்றுக்கு ஓட்டம் இருப்பதால், பிஸ்டன் மேலே வந்தாலும் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். அங்கே தாமதமாக மூடுவது லாபம். மெதுவாகச் சுற்றும்போது அந்த ஓட்டம் கிடையாது. வந்த காற்றை பிஸ்டனே திருப்பி இன்டேக் பக்கம் தள்ளிவிடும். அங்கே தாமதம் நட்டம்.

எவ்வளவு நட்டம்? என் விராகோவின் ஸ்ட்ரோக்கையே எடுத்துப் பார்ப்போம். கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் காற்றை அழுத்தும் விகிதம், 10-க்கு 1. கனெக்டிங் ராட் நீளம் ஸ்ட்ரோக்கைப் போல 1.8 மடங்கு என்று கணக்குக்காக வைத்துக்கொள்ளுங்கள். அடிமுனை தாண்டி 50 பாகையில் வால்வு முழுதாக சீட்டில் உட்கார்ந்தால், பிஸ்டன் உண்மையாக அழுத்தும் தூரம் 66-இல் ஏறத்தாழ 57 மில்லிமீட்டர். 70 பாகையில் உட்கார்ந்தால் 48. முதல் கேமில் நிஜ கம்ப்ரஷன் 8.8, இரண்டாவதில் 7.6. பிஸ்டன் அதே, ஹெட் அதே, பெற்றோல் அதே. கேம் மட்டும் மாறியதில் பத்து என்று பெயர் போட்ட என்ஜின் ஏழரைக்கு இறங்கிவிட்டது. பெரிய கேம் போடுபவர்கள் கூடவே கம்ப்ரஷனையும் ஏற்ற வேண்டும் என்பது இதனால்தான். ஹெட்டை அரைக்கும் செலவையும் சேர்த்துப் பார்த்தால் பலருக்கு ஆசை அங்கேயே அடங்கிவிடும்.

நம் ஊரில் இதற்கு மேலே இன்னொரு அடியும் உண்டு. ஹட்டன் ஏறத்தாழ 1270 மீட்டர் உயரம், நுவரெலியா 1868. நுவரெலியாவில் காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். குளிர் காற்று அடர்த்தி என்பதால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், முழுவதும் அல்ல. கொழும்பில் சுமாராக இழுக்கும் கேம் இங்கே அதைவிட மோசமாக இழுக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாகம் விற்பவர் "நல்ல சாமான் தம்பி, என் பைக்கிலயே போட்டிருக்கேன்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் பைக் கடல்மட்டத்தில் ஓடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. சீக்கிரம் மூடும் கேம் போட்டால் கீழ் இழுவை கூடும், நிஜ கம்ப்ரஷனும் கூடும். மேலே மலையில் 92 ஒக்டேன் பெற்றோலிலேயே அமைதியாக ஓடும். அதே பைக்கில் கித்துல்கலை தாண்டி வெயிலில் இறங்கி, பாரம் வைத்து, உயர் கியரில் முறுக்கினால் 'டிக் டிக்' என்று நாக்கிங், அதாவது பெற்றோல் கலவை தானாக வெடிக்கும் சத்தம், கேட்கலாம். காற்றில் குளிரும் என்ஜினில் அதை விட்டுவைக்கக் கூடாது. அடிக்கடி கொழும்புக்கு இறங்குபவர் என்றால் 95 அடிக்கவும், கியரை ஒன்று குறைக்கவும் பழக வேண்டும். இல்லாவிட்டால் கேமில் ஆசையைக் குறைத்துக்கொள்ளலாம்.

சிறிய ஜப்பான், இந்திய க்ரூஸர்களுக்கு நான் வைத்திருக்கும் அளவு எளிது. கம்பெனிக் கேமைவிட 5 பாகைக்கு மேல் தாமதமாக மூடும் எதையும் மலையில் ஓடும் பைக்குக்குப் போடமாட்டேன்.

டியூரேஷன் எண்ணைப் படிக்கும்போது கவனம் வேண்டும். இன்டேக் மேல்முனைக்கு 10 பாகை முன் திறந்து, அடிமுனைக்கு 40 பாகை பின் மூடினால், 10, 180, 40 மூன்றும் சேர்ந்து 230. கணக்கு சுலபம். எந்த லிஃப்ட்டில் அளந்தார்கள் என்பதில்தான் ஏமாற்றம். ஜப்பான் கேம்களுக்குப் பெரும்பாலும் 1 மில்லிமீட்டர் லிஃப்ட்டில் அளப்பார்கள். அமெரிக்கக் கேம்களுக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐம்பது, அதாவது 1.27 மில்லிமீட்டர். சிலர் வால்வு அசைய ஆரம்பித்ததில் இருந்தே அளந்து பெரிய எண்ணைப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்ட 270-ஐயும் 1 மில்லிமீட்டரில் அளந்த 230-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பையனுக்கு 270 பெரிய கேமாகத் தெரியும். இரண்டும் ஒரே கேமாகக்கூட இருக்கலாம். மேலே நான் போட்ட நிஜ கம்ப்ரஷன் கணக்குக்கு வேண்டியது வால்வு சீட்டில் உட்காரும் பாகை. 1 மில்லிமீட்டர் எண்ணை அதில் போடாதீர்கள்.

லிஃப்ட் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. மூடும் பாகையை மாற்றாமல் லிஃப்ட்டை மட்டும் கொஞ்சம் கூட்டினால் கீழ் இழுவை பெரிதாகக் கெடாது. வால்வு விட்டத்தில் கால் பங்கு உயரம் தூக்கினால், வால்வைச் சுற்றியுள்ள இடைவெளி வால்வின் வாய்ப் பரப்புக்குச் சமமாகிவிடும். 28 மில்லிமீட்டர் வால்வுக்கு 7. அதற்கு மேல் போகப் போக வரவு குறைவு, ஸ்பிரிங்குக்கும் கைடுக்கும் வேலை அதிகம். கேம் மூக்கின் லிஃப்ட் வேறு, கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் ராக்கர் கை பெருக்கிய பிறகு வால்வில் வரும் லிஃப்ட் வேறு. ஒன்றோடு மற்றதை ஒப்பிட்டுவிடாதீர்கள்.

அந்த 'டுப் டுப்' சத்தம் எங்கிருந்து வருகிறது என்றால், ஓவர்லேப்பில் இருந்து. எக்ஸாஸ்ட் மூடுவதற்குள் இன்டேக் திறந்து, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அது. ஐட்லிங்கில் எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பி, ஒரு சுற்று எரியும், ஒரு சுற்று தடுமாறும். இன்டேக் மூக்குக்கும் எக்ஸாஸ்ட் மூக்குக்கும் இடையிலான பாகை விரிந்திருந்தால் ஓவர்லேப் குறைவு, ஐட்லிங் அமைதி. நெருங்கியிருந்தால் சத்தம், தள்ளாட்டம், பெற்றோல் செலவு. சத்தத்துக்காகத்தான் கேம் வேண்டும் என்று ஒருவர் நேராகச் சொன்னால் நான் மறுப்பதில்லை. அது அவர் காசு. ஏற்றத்தில் இழுக்கவும் வேண்டும், சத்தமும் வேண்டும் என்றால்தான் சண்டை வரும்.

சரி, கேம் எங்கே கிடைக்கும்? நம் ஊரில் ஓடும் சின்ன க்ரூஸர்களுக்குப் பெரும்பாலும் அரைத்த கேம்தான். அரைப்பது என்றால் மூக்கை உயர்த்துவது அல்ல, அடிவட்டத்தைச் சிறிதாக்குவது. வட்டம் சிறிதானால் மூக்கு உயர்ந்ததாகிவிடும். ராக்கர் அந்த அளவு கீழே இறங்கும், வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் டேப்பட் ஸ்க்ரூவை நீட்டிப் பிடிக்க வேண்டும். ஸ்க்ரூவில் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அடுத்தது கடினத் தோல். கேமின் மேற்பரப்பில் கொஞ்ச ஆழத்துக்குத்தான் இரும்பு கடினப்படுத்தப்பட்டிருக்கும். ஆழமாக அரைத்தால் உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வெளியே வந்துவிடும். பிறகு ராக்கர் அதைத் தின்னும், துகள் ஒயிலில் ஓடும். அரைத்த கேம் வாங்கும்போது ராக்கர் உரசாத ஓரத்தில், அதுவும் அரைத்த பரப்பிலேயே, ஒரு பழைய அரத்தின் முனையை மெல்ல இழுத்துப் பார்ப்பேன். வழுக்கினால் நல்லது. கடித்தால் அதை நான் வாங்கமாட்டேன். வி-பிளாக்கில் வைத்து அடிவட்டத்தில் டயல் கேஜ் ஓட்டியும் பாருங்கள். வட்டம் வட்டமாக இல்லை என்றால் டேப்பட் ஒருநாளும் சரிவராது. காலையில் சரி, மாலையில் சத்தம். அந்த விராகோ கேம்களில் ஒன்று அப்படித்தான் இருந்தது. நான்தான் பார்க்காமல் மாட்டினேன்.

மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றில் அவசரம் கூடாது. கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றும் என்பதை மனதில் வையுங்கள், டிகிரி வீல் கிராங்கில்தான். பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றை உடைத்து உள்ளே போல்ட் வைத்து பிஸ்டன் தடுப்பு செய்துகொள்ளலாம். கையால் மெல்ல இரண்டு பக்கமும் சுற்றி, முட்டும் இரண்டு பாகைகளுக்கும் நடுவே குறி வைத்தால் அதுதான் உண்மையான மேல்முனை. ஃப்ளைவீலில் உள்ள குறியை மட்டும் நம்பாதீர்கள்.

வால்வு பிஸ்டனில் முட்டுமா என்று பார்க்க, பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் போதும். பிஸ்டன் தலையில் மெல்லிய தட்டாக ஒட்டி, ஹெட்டை கேஸ்கட்டோடு மாட்டி, கையால் இரண்டு முழுச் சுற்று. கழற்றி, பள்ளத்தின் மெல்லிய இடத்தை வெட்டி அளந்தால், இன்டேக்கில் ஒன்றரை, எக்ஸாஸ்டில் 2 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மேல்முனைக்குச் சுமார் 10 பாகை முன்னால் எக்ஸாஸ்டும், 10 பாகை பின்னால் இன்டேக்கும் பிஸ்டனுக்கு மிக நெருங்கி வரும். முழு லிஃப்ட்டில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது, 1 மில்லிமீட்டராவது விட்டிருக்க வேண்டும். ஸ்பிரிங் ரிட்டெய்னர் கைட் சீலில் முட்டவும் கூடாது. இந்த மூன்றையும் பார்க்காமல் செல்ஃப் அடித்தவர்கள் வளைந்த வால்வோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இளம் மெக்கானிக்குகளிடம் ஒரு பழக்கம் உண்டு: இழுவை வேண்டும் என்றால் டைமிங் செயினை "ஒரு பல் முன்னால்" தள்ளிவிடுவது. கேம் ஸ்ப்ராக்கெட்டில் 34 பல் என்றால் ஒரு பல் கேமில் பத்தரைப் பாகை. கிராங்கில் 21. அது டைமிங் சரிசெய்வதே அல்ல. வேண்டியது கிராங்கில் 3, 4 பாகைதான். ஸ்ப்ராக்கெட்டின் போல்ட் துளையை நீளமாக்கி, டிகிரி வீல் பார்த்து கேமைக் கொஞ்சம் முன்னால் வைத்தால், இன்டேக் அதே 4 பாகை சீக்கிரம் மூடும். கம்பெனிக் கேமிலேயே இதைச் செய்துபார்க்கலாம். புதுக் கேமுக்குக் காசு கொடுப்பதற்கு முன் செய்யச் சொல்வேன். இதிலும் பிளாஸ்டிசின் சோதனையைத் தவிர்க்க முடியாது, இன்டேக் பிஸ்டனுக்கு நெருங்கும்.

அதற்கும் முன்னால் இன்னொன்று. செயினில் ஓடும் க்ரூஸர் என்றால் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்துப் பாருங்கள். 14-க்குப் பதில் 13 போட்டால் எல்லாக் கியரிலும் சக்கர இழுவை ஏழரை சதவீதத்துக்கு மேல் கூடும். ஒரு மணி நேர வேலை. பஜாஜ் அவெஞ்சர் 220 வைத்திருக்கும் பையன்கள் நிறையப் பேர் இதோடு திருப்தியாகப் போய்விடுவார்கள். எனக்குத்தான் ஒரு பெரிய வேலை நட்டம்.

டொரொண்டோவில் என் மாமா மகன் இருக்கிறான். 2003-ஆம் ஆண்டு ஹார்லி டேவிட்சன், ட்வின் கேம் 88 என்ஜின். அவனும் வாட்ஸ்அப்பில் இதையேதான் கேட்டான். அவன் உலகம் வேறு: வாங்கி மாட்டும் கேம்கள் டசன் கணக்கில் விற்பனைக்கு இருக்கின்றன, ரோடு சமதளம், என்ஜின் பெரிது. ஆனால் கேள்வி மாறவில்லை. எத்தனையில் ஓட்டுகிறாய் மச்சான்? 2500-இல் இருந்து 3500 என்றான். அப்படியென்றால் லிஃப்ட் அரை அங்குலமா, அதாவது 12.7 மில்லிமீட்டரா என்று பார்க்காதே. அங்குலத்தில் ஆயிரத்தில் ஐம்பது லிஃப்ட்டில் அளந்தால் இன்டேக் அடிமுனை தாண்டி 30 பாகையை ஒட்டி மூடுவதை எடு, 40-ஐத் தாண்டினால் கம்ப்ரஷன் ஏற்றவேண்டி வரும் என்று எழுதினேன். இன்னொன்றும் சொன்னேன். ட்வின் கேமில் இரண்டு கேமையும் செயின்தான் சுற்றுகிறது. 1999 முதல் 2006 வரை வந்தவற்றில், 2006 டைனா தவிர, அந்தச் செயின்களை ஸ்பிரிங் தள்ளும் டென்ஷனர்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். அவற்றின் பிளாஸ்டிக் கால் தேய்ந்து, துண்டுகள் ஒயில் பம்ப் வரை போகும். கேமுக்காகத் திறந்தால் டென்ஷனரையும் பார்க்காமல் மூடாதே என்றேன். திறந்து படம் அனுப்பினான். கால் பாதிதான் மிச்சம் இருந்தது. கேம் வாங்க வைத்திருந்த காசில் பாதி அதற்கே போய்விட்டது.

புதுக் கேம் மாட்டினால் முதல் இருபது நிமிடம் முக்கியம். கேம் மூக்கிலும் ராக்கர் பட்டையிலும் மொலிப்டினம் பசை பூசுங்கள். ஒயில் ஈரக் கிளச்சுக்கு ஏற்ற ஜாசோ எம்ஏ தரத்தில் இருக்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல் 2000-க்கு மேல், கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பிடித்துக்கொண்டிருங்கள். மெதுவாகச் சுற்றினால் பம்ப் மேலே அனுப்பும் ஒயில் குறைவு, இன்னும் பழகாத இரண்டு பரப்புகள் காய்ந்து உரசும். காற்றில் குளிரும் என்ஜின் நின்ற இடத்தில் சூடேறும் என்பதால் முன்னால் ஒரு ஃபேன் வைப்பேன். ஃபெக்டரியில் கழித்துப்போட்ட பழைய ஃபேன் அது. பிறகு ஒயிலை மாற்றி, என்ஜின் முழுதாக ஆறியபின் டேப்பட் பாருங்கள். 500 கிலோமீட்டரில் மறுபடியும் ஒயில், மறுபடியும் டேப்பட். பெற்றோலை அளந்துவிடும் கார்புரேட்டர் ஜெட்டைக் கடைசியாகத் தொடுங்கள். மேலே காற்று குறைவு என்பதால் கடல்மட்டத்து ஜெட் இங்கே பெற்றோலைக் கூட விடும். கேம்தான் கெட்டது என்று நினைத்தவர்களின் கறுத்த ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டியிருக்கிறேன்.

கழற்றிய கேமை யாருக்கும் கொடுக்காதீர்கள், எடைக்கும் போடாதீர்கள். என் விராகோவின் கம்பெனிக் கேம்கள் அரைக்கப்பட்டுவிட்டதால், பஞ்சிகாவத்தையில் வேறொரு ஜோடி தேடிப் பிடிக்க எனக்கு நாலு மாதம் ஆனது. அவைதான் இப்போது உள்ளே ஓடுகின்றன, 4 பாகை முன்னால் வைத்து. வட்டவளை ஏற்றத்தில் மூன்றாவது கியர், மனைவி, தேங்காய் எல்லாம் சேர்ந்து ஏறுகிறது. அரைத்த ஜோடி ஒயில் துணியில் சுற்றிப் பால்மா டின்னில் இருக்கிறது. யாராவது அந்தக் கேள்வியோடு வந்தால் எடுத்துக் காட்டுவேன்.